65 ராத்திரி, அதுல நாலுதான் தெளிவு: மேகத்தோட என்னதாங்க பண்றது?

மடிப்பாக்கம்_மாடி
14 டிசம்பர் 2024, இரவு 11:52

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்கு வயித்தெரிச்சல் தாங்காம எழுதறேன்.

அக்டோபர்ல அந்த வால்நட்சத்திரம் வருதுன்னு (சுசின்ஷான்-அட்லஸ்) ஊரே பேசிச்சு இல்லையா, அதுக்காகவே 8 இன்ச் டாப்சோனியன் டெலஸ்கோப் ஆர்டர் போட்டேன். அக்டோபர் 10 வந்து இறங்கிச்சு, மறுநாள் ஆயுத பூஜை, குழாய்க்கு சந்தனம் குங்குமம் எல்லாம் வெச்சு வாழைக்கன்னு கூட கட்டியாச்சு. 12-லேர்ந்து சாயங்காலம் மேக்கால தெரியும்னாங்க. 12 மேகம், 13 மேகம், 14 மேகம். 15-ஆம் தேதி வடகிழக்கு பருவமழை ஆரம்பிச்சிடுச்சுன்னு வானிலை மையம் சொன்னப்ப எங்க ஏரியா ஆளுங்க எல்லாம் காரை கொண்டுபோய் வேளச்சேரி பாலத்து மேல நிறுத்திட்டு இருந்தாங்க, நான் டெலஸ்கோப்பை கட்டில் மேல தூக்கி வெச்சுட்டு உக்காந்திருந்தேன்.

குழாய் வந்து இறங்கின அன்னைலேர்ந்து நேத்து வரைக்கும் ஒரு டைரில குறிச்சிருக்கேன். 65 ராத்திரி. முழுசா தெளிவா இருந்தது நாலு. அரைகுறையா, ஓட்டை ஓட்டையா இருந்தது ஒரு பதினொண்ணு. மிச்சம் எல்லாம் "மேகம்", "மழை", "மேகம்", நடுவுல ஒரு வாரம் ஃபெஞ்சல் புயல். வியாழன் நல்லா பெருசா தெரியற நாள் டிசம்பர் 7-னு மூணு மாசமா காத்திருந்தேன், அதுவும் போச்சு. நேத்து ஜெமினிட்ஸ் எரிகல் பொழிவு, கார்த்திகை தீபம், கிட்டத்தட்ட பௌர்ணமி எல்லாம் ஒரே நாள், எங்க வீட்ல அகல் விளக்கையே குடை பிடிச்சுதான் ஏத்தினோம்.

வீட்டம்மா சொன்னது: "இந்த காசுக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கியிருக்கலாம், அது மழையிலயும் ஓடும்."

யூடியூப்ல பாத்தா எல்லாரும் வாரம் ஒரு போட்டோ போடறான். எனக்கு மட்டும்தான் இப்படியா இல்ல சென்னையே இப்படித்தானா? வித்துடலாமான்னு கூட யோசனை வருது. அனுபவஸ்தங்க சொல்லுங்க.

---

பட்டன்_வானியலர்
15 டிசம்பர், காலை 7:05

வித்துடுங்க ப்ரோ, சீரியஸா சொல்றேன். 8 இன்ச் டாப் எல்லாம் நம்ம ஊருக்கு செட்டே ஆகாது. நான் சீஸ்டார் (தானா தேடி போட்டோ எடுக்கற குட்டி டெலஸ்கோப்) வாங்கி ஒரு வருஷம் ஆச்சு, மாடில வெச்சுட்டு கீழ வந்து சீரியல் பாத்துட்டே போட்டோ எடுக்கறேன், தூறல் போட்டா ஓடிப்போய் ஒரு கையில தூக்கிட்டு வந்துடலாம். உங்க டாப் எத்தன கிலோ? அதை தூக்கி வெச்சு ஆற விட்டு கண்ணாடி அலைன் பண்ணி முடிக்கறதுக்குள்ள மேகம் வந்துடும். சிம்பிள் லாஜிக்.

---

ஆறாமீன்
15 டிசம்பர், காலை 9:30

தம்பி மடிப்பாக்கம், வித்துடாதீங்க. நான் அம்பத்தூர்ல 1999-லேர்ந்து மாடில நிக்கற ஆளு, முதல் மூணு வருஷம் எனக்கும் இதே புலம்பல்தான்.

நீங்க பண்ண ஒரே தப்பு அக்டோபர்ல ஆரம்பிச்சது. ஐப்பசி கார்த்திகை அடைமழைன்னு நம்ம பாட்டிங்க சொல்லி வெச்சத மறந்துட்டு, அமெரிக்காக்காரன் "ஃபால் சீசன் பெஸ்ட்"னு சொல்றத கேட்டு வாங்கினா இப்படித்தான் ஆகும். அவனுக்கு அக்டோபர்ல வானம் கண்ணாடி மாதிரி. நமக்கு அந்த மாசம் வங்காள விரிகுடாவே தலைக்கு மேல வந்து நிக்கும்.

சென்னையோட கணக்கு நான் பாத்த வரைக்கும் இப்படி. பொங்கல் கழிஞ்சு ஒரு வாரம் பத்து நாள் விட்டு, ஜனவரி கடைசிலேர்ந்து மார்ச் முழுக்க நமக்கு சொர்க்கம். ஏப்ரல் மே-ல ஈரப்பதமும் புழுக்கமும் ஜாஸ்தி, வானம் பால் கலந்த மாதிரி வெளுத்து இருக்கும், ஆனா நட்சத்திரம் ஆடாது. ஜூன்லேர்ந்து செப்டம்பர் தென்மேற்கு பருவமழை, நமக்கு மழை கம்மிதான் ஆனா சாயங்காலம் இடி மழை வந்து போனப்பறம் அதோட மேல் பக்கத்து மேகம் தகடு மாதிரி பரவி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கலையாது. அப்பறம் அக்டோபர் நவம்பர் டிசம்பர், அதான் உங்க டைரிலயே இருக்கே.

வேடிக்கை என்னன்னா கார்த்திகை மாசத்துக்கு பேர் குடுத்த அந்த கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், அதான் நான் பேரா வெச்சிருக்கற ஆறாமீன், அது சூரியன் மறையற நேரத்துல கிழக்கால எழும்பற மாசம்தான் கார்த்திகை. அதாவது ராத்திரி முழுக்க வானத்துல இருக்கும். அந்த மாசம்தான் மழையும் ராத்திரி முழுக்க இருக்கும். 25 வருஷத்துல கார்த்திகை தீபத்தன்னைக்கு ஆறாமீனை நல்லா பாத்தது எனக்கு ஞாபகம் இருந்து ஒரு அஞ்சாறு தடவை. அன்னைக்கு பௌர்ணமி வேற பக்கத்துலயே நின்னு வெளுத்து வாங்கும்.

அதனால குழாயை ஓரமா வைங்க. பிப்ரவரில சாயங்காலம் ஏழு மணிக்கே மிருகசீரிடமும் திருவாதிரையும் தலைக்கு மேல நிக்கும். அப்ப வந்து இங்க எழுதுங்க.

---

நொய்யல்கரை
15 டிசம்பர், மதியம் 1:14

ஆறாமீன் அண்ணா சொல்றது சென்னைக்கு சரிங்க, தமிழ்நாடு முழுக்கன்னு எடுத்துக்காதீங்க. எங்க கோயமுத்தூர்ல கணக்கே வேறங்க. ஜூன் ஜூலைல பாலக்காட்டு கணவாய் வழியா காத்து வீசும் பாருங்க, அதோட மேகமும் ரயில் மாதிரி போயிட்டே இருக்கும். மழை பெரும்பாலும் மேற்கால மலையோடவே நின்னுக்கும், எங்களுக்கு வெறும் மேகம் மட்டும். எட்டு நிமிஷம் தெளிவு, இருபது நிமிஷம் மேகம். ஆனா டிசம்பர்ல உங்களுக்கு அடைமழைன்னா எங்களுக்கு பாதி நாள் பரவால்லைங்க.

2019 டிசம்பர் 26 கங்கண சூரிய கிரகணம் ஞாபகம் இருக்குங்களா? ஊட்டி, கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சின்னு பட்டை போட்ட மாதிரி போச்சு. காலைல ஒன்பதரை வாக்குல மோதிரம், மூணு நிமிஷம். எங்க மாமா வூடு கரூர் தாண்டி, மையக் கோடு கிட்டக்க போனாதான் நல்லாருக்கும்னு விடியக்காலைல காரெடுத்துட்டு போனேன். சரியா ஒன்பது இருபதுக்கு ஒரு மேகம் வந்து உக்காந்துச்சுங்க. ஒன்பது நாப்பதுக்கு போச்சு. எங்க வூட்டு மாடில நின்ன எங்கப்பா, எக்ஸ்ரே ஷீட்டுல பாக்கக்கூடாதுன்னு நான் குடுத்துட்டு போன கிரகணக் கண்ணாடில, முழு மோதிரத்தையும் பாத்துட்டார். இன்னமும் சொல்லிக் காட்டறார்.

---

கடற்கரை_புதுவை
15 டிசம்பர், மாலை 6:48

மேகத்தால ஏமாந்தவங்க சங்கத்துக்கு நிரந்தரத் தலைவர் எங்க ஊர்ல இருந்தவர்தான், யாரும் போட்டிக்கு வரமுடியாது.

லெ ஜாந்தீல்னு ஒரு பிரெஞ்சு வானியலர். வெள்ளி கிரகம் சூரியனுக்கு குறுக்க போறத அளந்தா பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் கண்டுபிடிக்கலாம்னு, 1761-ல நடக்கப்போறத பாக்க பாண்டிச்சேரிக்கு 1760-லயே கப்பல் ஏறினார். வந்து சேர்றதுக்குள்ள இங்கிலீஷ்காரன் பாண்டிச்சேரிய புடிச்சிட்டான். இறங்க முடியல. 1761 ஜூன் 6 அன்னைக்கு வானம் தெளிவு, ஆனா மனுஷன் நடுக்கடல்ல ஆடற கப்பல்ல நிக்கறார், அளந்தது எதுக்கும் உதவல. சரி அடுத்தது எட்டு வருஷத்துல வருது, அதுக்கப்பறம் நூறு வருஷத்துக்கு மேல ஆகும், இருந்து பாத்துட்டே போறேன்னு இந்தப் பக்கமே சுத்திட்டு, மணிலா வரைக்கும் போயிட்டு, 1768-ல பாண்டிச்சேரி வந்து இடிஞ்ச கோட்டைக்குள்ள ஒரு வானாய்வகமே கட்டிட்டார். சும்மா இருந்த நேரத்துல நம்ம தமிழ் பஞ்சாங்கக்காரங்க கிரகணம் கணிக்கற முறையையும் உக்காந்து கத்துக்கிட்டார்.

1769 ஜூன் 4 காலைல எழுந்து பாக்கறார், மேகம். வெள்ளி சூரியனை தாண்டி முடிக்கற வரைக்கும் மேகம். முடிஞ்ச கொஞ்ச நேரத்துல பளிச்னு வெயில். மணிலால அன்னைக்கு தெளிவு! ஊருக்கு திரும்பி போக 1771 ஆயிடுச்சு, போனா ஆளு செத்துட்டாருன்னு சொத்தை பங்கு போட சொந்தக்காரங்க ரெடி, அகாடமில அவர் இடத்துக்கும் வேற ஆள்.

ஜூன் முதல் வாரம் எங்க ஊர்ல அக்னி நட்சத்திரம் முடிஞ்ச கையோட மேகம் கட்டறது இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு. நாங்க இங்க ஃபெஞ்சல் அடிச்ச தண்ணியவே இன்னும் எறச்சிட்டு இருக்கோம், மாடிப்படி ரூம்ல இருந்த என் ட்ரைபாட் முழுக்க துரு. 65 ராத்திரிலாம் ஒரு விஷயமா தம்பி.

---

மடிப்பாக்கம்_மாடி
15 டிசம்பர், இரவு 8:20

அண்ணே இத படிச்சப்பறம் எனக்கு கொஞ்சம் ஆறுதலா இருக்கு 😂 வீட்டம்மாகிட்டயும் படிச்சு காட்டினேன், "அந்த மனுஷன நினைச்சாதான் பாவமா இருக்கு"ன்னுட்டு போயிட்டாங்க.

---

ஸ்டாக்கிங்_சித்தர்
15 டிசம்பர், இரவு 11:31

போட்டோ பத்தி யாரும் பேசலையே, நான் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

மேகம் போட்டோவ எப்படி கெடுக்குதுன்னு புரிஞ்சா எதை எடுக்கலாம் எதை விடலாம்னு தெளிவாயிடும். காட்டுக்குள்ள மேகம் வந்தா அந்த இடம் கறுப்பா இருக்கும், நட்சத்திரத்தை மறைக்கும், அவ்ளோதான். சென்னைல மேகம் வந்தா அது வெள்ளைத் திரை, கீழ இருக்கற அத்தனை எல்இடி வெளிச்சத்தையும் வாங்கி திருப்பி அடிக்கும். கண்ணுக்கே தெரியாத மெல்லிய பஞ்சு மேகம் இருந்தா கூட பின்னணி வெளிச்சம் ஏறிடும், ஒவ்வொரு ஃப்ரேம்லயும் வேற வேற பக்கம் ஏறும், அதை அப்பறம் சாஃப்ட்வேர்ல சமன் பண்றதுக்குள்ள உசுரு போகும். நிலாவ சுத்தி வட்டம் கட்டியிருந்தா அன்னைக்கு நெபுலா (விண்வெளில இருக்கற வாயு, தூசு மேகம்) பக்கம் போகவே போகாதீங்க.

நெபுலா, கேலக்ஸி இதெல்லாம் நேரத்த சாப்பிடற ஐட்டம். படத்துல இரைச்சல் பாதியா குறையணும்னா நாலு மடங்கு நேரம் எடுக்கணும். ஒரு மணி நேரம் எடுத்தது போதலன்னா நாலு மணி நேரம். நம்ம மழைக்காலத்துல நாலு மணி நேரம் யாரு குடுப்பா. அதனால நான் பண்றது, ஒரே ஐட்டத்தை பல ராத்திரி சேர்த்து சேர்த்து எடுக்கறது. ஓரியன் நெபுலா (எம்42) போன சீசன்ல எடுத்தது ஒன்பது ராத்திரி, மொத்தம் தேறினது 2 மணி 50 நிமிஷம், எடுத்ததுல பாதிக்கு மேல குப்பைக்கு போச்சு. 30 செகண்ட் ஃப்ரேமா எடுங்க, அஞ்சு நிமிஷ ஃப்ரேம் எடுத்தா ஒரு மேகம் குறுக்க வந்தா அஞ்சு நிமிஷமும் போச்சு, 30 செகண்ட்னா போறது 30 செகண்ட். அப்பறம் படங்களை சேர்க்கற சாஃப்ட்வேர், சிரில்லயோ டீப்ஸ்கைஸ்டாக்கர்லயோ போட்டு எதுல நட்சத்திர எண்ணிக்கை குறைஞ்சிருக்கோ அத தூக்கிடுங்க, மேகம் வந்த ஃப்ரேம் தானா மாட்டும். கேமராவ மட்டும் ஒவ்வொரு தடவையும் அதே கோணத்துல மாட்டுங்க, குழாய்ல ஒரு மார்க்கர் கோடு போட்டு வைங்க. ஃப்ளாட் ஃப்ரேம் (தூசு, நிழல் கறையை கழிக்க எடுக்கற வெறும் வெளிச்சப் படம்) அன்னன்னைக்கே எடுத்துடணும், மறுநாள் தூசு வேற இடத்துல இருக்கும்.

ட்ராக்கர் (வானம் சுத்தற வேகத்துக்கு கேமராவ திருப்பற எந்திரம், அதோட அச்சை துருவ நட்சத்திரம் பக்கம் வெக்கணும்) வெச்சிருக்கறவங்களுக்கு இன்னொரு கஷ்டம். துருவ நட்சத்திரம் சென்னைல அடிவானத்துலேர்ந்து 13 டிகிரிதான் மேல இருக்கு, கன்னியாகுமரில எட்டு. தலைக்கு மேல தெளிவா இருந்தாலும் அடிவானத்துல மூடாக்கு இருக்கும், இல்லன்னா எதிர் வீட்டு தண்ணி டேங்க் இருக்கும். நான் துருவ நட்சத்திரத்தை என் மாடிலேர்ந்து பாத்தே ரெண்டு வருஷம் ஆச்சு, பிளேட் சால்விங்லயும் (படத்துல இருக்கற நட்சத்திரத்தை வெச்சு திசை கண்டுபிடிக்கறது) டிரிஃப்ட் முறையிலயும்தான் (நட்சத்திரம் எந்தப் பக்கம் நகருதுன்னு பாத்து அச்சை சரி பண்றது) ஓட்டறேன்.

ஆனா கிரகம் இருக்கே, அது வேற கதை. அதுக்கு மேக ஓட்டையே போதும்! வியாழன் ஒரு சுத்து சுத்த பத்து மணி நேரத்துக்கும் கம்மி, அதனால ரெண்டு மூணு நிமிஷத்துக்கு மேல வீடியோ எடுத்தா மேகப் பட்டையெல்லாம் இழுபட்டுப் போகும், எப்படியும் மூணு நிமிஷத்துலதான் நிறுத்தணும். மூணு நிமிஷ ஓட்டை ராத்திரில பத்து கிடைக்கும். வீடியோல இருக்கற சில ஆயிரம் ஃப்ரேம்ல நல்ல ஃப்ரேமை மட்டும் பொறுக்கி சேர்த்தா முடிஞ்சுது. லேசான மூடுபனி மாதிரி இருக்கற ராத்திரில காத்து அசையாம இருக்கும், கிரகம் ஆடாம அப்படியே நிக்கும். மழை விட்டு பளிச்னு இருக்கற ராத்திரிலதான் நட்சத்திரம் எல்லாம் மினுக் மினுக்னு ஆடி உயிர வாங்கும். 8 இன்ச் டாப் இருக்கற ஆளு இந்த சீசன்ல வியாழனை விட்டுட்டு அழறது நியாயமே இல்ல.

@பட்டன்_வானியலர் உங்க எந்திரத்துல வியாழன் எவ்ளோ பெருசா வருது, கடுகு சைஸா?

---

பட்டன்_வானியலர்
16 டிசம்பர், காலை 6:58

ஹலோ சித்தரே, கிரகத்துக்கு அது இல்லன்னு எனக்கும் தெரியும். ஆனா மழைக்காலத்துல 40 நிமிஷம் தெளிவா இருந்தா நான் 35 நிமிஷம் டேட்டா எடுப்பேன், நீங்க 40 நிமிஷமும் செட்டப்தான் பண்ணுவீங்க. அதுக்கு பதில் சொல்லுங்க.

---

ஸ்டாக்கிங்_சித்தர்
16 டிசம்பர், காலை 8:12

அது நியாயம்தான், ஒத்துக்கறேன். கடுகு வாபஸ்.

---

வாடகை_டெலஸ்கோப்
16 டிசம்பர், காலை 10:40

ஏன் இவ்ளோ கஷ்டம். சிலில, ஸ்பெயின்ல எல்லாம் மணிக்கு இவ்ளோன்னு வாடகைக்கு டெலஸ்கோப் விடறாங்க, இங்கேர்ந்தே கமாண்ட் குடுத்தா டேட்டா வந்துடும், நான் அப்படித்தான் பண்றேன். மேகம் இருந்தா காசு திருப்பி வேற தர்றாங்க.

---

ஆறாமீன்
16 டிசம்பர், காலை 11:25

அது உங்க சௌகரியம், தப்பு சொல்லல. ஆனா அது ஓட்டல்ல பார்சல் வாங்கி சாப்பிடற மாதிரி. எனக்கு மாடில நின்னு கொசு கடிச்சாதான் திருப்தி.

---

வாடகை_டெலஸ்கோப்
16 டிசம்பர், காலை 11:31

பார்சலும் பசியாத்தும் சார்.

---

உப்பளம்
16 டிசம்பர், மாலை 4:05

தூத்துக்குடிலேர்ந்து. எங்களுக்கு மழை கம்மி, வருஷத்துல பாதி நாளு வானம் தெளிவுதான், கேக்கவே ஆசையா இருக்கும், ஆனா காத்துல உப்பு. கண்ணாடி மேல ஒரு வருஷத்துல மங்கல் அடிச்சிரும், ஸ்க்ரூ எல்லாம் பச்சை பூத்துரும். எல்லாத்துக்கும் ஒரு விலை இருக்கு அண்ணாச்சி. போன வாரம் அடிச்ச மழையில திருநெல்வேலி தென்காசி பக்கம் நெலம ரொம்ப மோசம், எங்களுக்கும் போன வருஷம் டிசம்பர்ல மூழ்கின ஞாபகம் வந்துட்டு, டெலஸ்கோப்பாவது ஒண்ணாவதுன்னு இருந்தேன்.

மடிப்பாக்கம் தம்பி ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க. மழைக்காலத்துல குழாயை மூடி போட்டு பிளாஸ்டிக் கவர் சுத்தி கட்டி வெச்சிருந்தீங்கன்னா இப்பவே போய் பிரிங்க. உள்ள ஈரம் அடைஞ்சு ஐபீஸ்ல (கண்ணை வெச்சு பாக்கற லென்ஸ்) பூஞ்சை புடிச்சிரும், சிலந்தி வலை மாதிரி படரும், அப்பறம் தொடச்சாலும் போகாது. எனக்கு ஒரு நல்ல ஐபீஸ் அப்படித்தான் போச்சு. ஐபீஸ் எல்லாத்தையும் காத்து போகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, ஜெல் நிறம் மாறினா வாணலில லேசா வறுத்துட்டு திரும்ப போடலாம். பெரிய கண்ணாடிய ஃபேன் ஓடற ரூம்ல மூடிய லேசா திறந்து வைங்க. பனி புடிச்சா துணியால தொடைக்கவே கூடாது, அதுபாட்டுக்கு காயட்டும்.

---

மடிப்பாக்கம்_மாடி
16 டிசம்பர், மாலை 4:30

ஐயோ பிளாஸ்டிக் கவர் சுத்தி பெல்ட்டு போட்டு கட்டி வெச்சிருக்கேன். இதோ ஓடறேன்.

---

மடிப்பாக்கம்_மாடி
16 டிசம்பர், மாலை 5:10

பூஞ்சை இல்ல. ஆனா கண்ணாடி மேல முத்து முத்தா தண்ணி. குழாய்க்குள்ள ஒரு பல்லி வேற. நன்றி அண்ணாச்சி, காப்பாத்திட்டீங்க.

---

நல்லூர்க்_கூரை
17 டிசம்பர், இரவு 9:15

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்களுக்கும் அதே வடகீழ்ப் பருவமழைதான், கார்த்திகை மார்கழியில வானத்தைப் பாக்கிறதெண்டால் கனவில தான். எங்கட வீட்டு முற்றத்தில நிண்டு மாசி பங்குனியில பாத்தால் நகர வெளிச்சம் குறைவு, உங்கள விட நாங்கள் அதில குடுத்து வச்சனாங்கள். ஏப்ரல் மே-ல தெற்குப் பக்கம் தென்சிலுவை நட்சத்திரங்களும் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கூட்டமும் வடிவாத் தெரியும். இதெல்லாம் லண்டன்ல இருக்கிற என்ர தம்பிக்கு ஒரு நாளும் தெரியாது, அவனுக்கு அது அடிவானத்துக்குக் கீழ. அவன் அங்க வருஷம் முழுக்க மேகமெண்டு அழுகிறான், நான் அவனுக்கு இந்தப் படங்களை அனுப்பி எரிச்சல் மூட்டுறனான்.

---

ஆறாமீன்
17 டிசம்பர், இரவு 10:02

சரியா சொன்னீங்க. சென்னைல கூட ஒமேகா சென்டாரி தெற்கால 30 டிகிரி உயரம் வரும். அந்த ரெண்டு மாசம் நம்ம சொத்து. காவலூர்ல (ஜவ்வாது மலை, வாணியம்பாடி பக்கம்) வைணு பாப்பு வானாய்வகம் வெச்சதுக்கு ஒரு காரணமே வடக்கும் தெற்கும் ரெண்டு வானமும் அங்கேர்ந்து கிடைக்கும்ங்கறது. ஆனா அந்த மலைக்கும் பருவமழை உண்டு. 1977 மார்ச் 10 ராத்திரி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைச்சப்ப அதோட வளையத்தால ஒளி குறைஞ்சது அங்க இருந்த ஒரு மீட்டர் டெலஸ்கோப்ல பதிவாச்சு. மார்ச்சுங்கறதால தப்பிச்சோம், அதே நவம்பர்னா சந்தேகம்தான். அமெரிக்காக்காரங்க அன்னைக்கு ரிஸ்க்கே எடுக்கல, டெலஸ்கோப்பை பிளேன்ல ஏத்திட்டு இந்துமாக்கடல் மேல, மேகத்துக்கும் மேல பறந்தாங்க.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் கதை இன்னும் வேடிக்கை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்கு அப்பறம் பஞ்ச கமிஷன், சூரியனை தொடர்ந்து கவனிச்சா பருவமழை ஏன் பொய்க்குதுன்னு தெரியுமான்னு பாக்கச் சொல்லிச்சு, அந்த யோசனைலேர்ந்துதான் அந்த ஆய்வகமே முளைச்சுது. மழையை புரிஞ்சுக்க கட்டினது, மழை மேகம் ஏறி வர்ற மலை மேலயே! அங்க காலைலயே படம் எடுத்து முடிச்சிடுவாங்க, மதியத்துக்கு மேல பள்ளத்தாக்குலேர்ந்து மேகம் கிளம்பி வந்துடும்.

---

மழைக்காதலன்_இல்லை
18 டிசம்பர், காலை 7:44

வானிலை ஆப் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா இங்க பாதி பேரு போன்ல வர்ற சூரியன்-மேகம் பொம்மைய பாத்து ஏமாறாங்க. விண்டிங்கற வானிலை ஆப்ல மேகத்த லோ, மீடியம், ஹைன்னு (கீழ, நடுவுல, உயரத்துல) தனித்தனியா பாக்கலாம். "30 சதவீதம் மேகம்"னு மொத்தமா போட்டிருந்தா அது ஒண்ணும் சொல்லாது. லோ 30-னா துண்டு துண்டா போகும், நடுவுல ஓட்டை கிடைக்கும், மாடிக்கு போகலாம். ஹை 30-னா வானம் முழுக்க மெல்லிசா தகடு, கிரகத்துக்கு ஓகே, நெபுலாவுக்கு தலைமுழுகிடுங்க. ரெண்டு மாடலை (கம்ப்யூட்டர் வானிலை கணிப்பை) ஒப்பிட்டு பாருங்க, ரெண்டும் ஒரே மாதிரி சொன்னாதான் நம்பலாம்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல மாடல் எல்லாம் வேண்டாம், நேரா இன்சாட் சாட்டிலைட் படம் பாருங்க. ஒரு எச்சரிக்கை, ராத்திரில வர்றது வெப்பப் படம், உயரத்துல இருக்கற குளிர்ந்த மேகம் வெள்ளையா தெரியும், கீழ தொங்கற மேகத்தோட சூடும் தரையோட சூடும் கிட்டத்தட்ட ஒண்ணுங்கறதால அது படத்துல சரியா தெரியாது. "சாட்டிலைட்ல க்ளியரா இருக்கு, வெளிய வந்தா ஒண்ணையும் காணோம்"னு நிறைய பேர் திட்டறது இதாலதான்.

---

நொய்யல்கரை
18 டிசம்பர், மதியம் 12:20

எங்கம்மா எறும்பு முட்டை தூக்கிட்டு போறத பாத்து சொல்றாங்க, விண்டிக்கு சமமா வருதுங்க.

---

ஸ்டாக்கிங்_சித்தர்
20 டிசம்பர், இரவு 10:10

இன்னொரு விஷயம் உறைச்சுது, யாராவது யோசிச்சீங்களா தெரியல. வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வந்து பெருசா தெரியற நாள் வருஷத்துக்கு ஒரு மாசத்துக்கு கொஞ்சம் மேல தள்ளிப் போகுது. 2023-ல நவம்பர் 3, இப்ப டிசம்பர் 7, அடுத்தது 2026 ஜனவரி 10, அப்பறம் 2027 பிப்ரவரி 10. அதாவது வியாழன் நம்ம மழைலேர்ந்து வெளிய வந்துட்டு இருக்கு. மடிப்பாக்கம் ப்ரோ, உங்க குழாய் வாங்கின நேரம் மோசமில்ல, ரெண்டு வருஷம் பொறுங்க.

சனிதான் உள்ள போகுது. அது வருஷத்துக்கு ரெண்டு வாரம்தான் நகரும். 2024 செப்டம்பர் 8, 2025 செப்டம்பர் 21, 2026 அக்டோபர் 4, அப்படியே அக்டோபர், நவம்பர், டிசம்பர்னு 2032 வரைக்கும் ஒவ்வொரு வருஷமும் சரியா பருவமழை காலத்துலதான் பெருசா தெரியும். கணக்கு போட்டு பாத்தா கிட்டத்தட்ட ஏழு வருஷம்.

---

கடற்கரை_புதுவை
20 டிசம்பர், இரவு 10:14

ஏழரைச் சனின்னு சொல்லுங்க 🙏

---

ஸ்டாக்கிங்_சித்தர்
20 டிசம்பர், இரவு 10:15

😂😂 மொத்த சென்னைக்கும் ஏழரைடா சாமி

---

ஆறாமீன்
21 டிசம்பர், காலை 6:30

பரிகாரம் இருக்கு. எதிரே வர்ற நாளுக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சும் சனி சாயங்காலம் மேக்கால நல்ல உயரத்துல இருக்கும், அளவு கொஞ்சம்தான் குறையும். ஜனவரில பாத்துக்கலாம். இப்பவே கூட வெள்ளிக்கு மேல நிக்குது, ஆனா வளையம் கம்பி மாதிரி மெலிஞ்சு போச்சு, 2025 மார்ச் 23-ல வளையம் நமக்கு சரியா விளிம்பை காட்டும், அந்த நேரம் சனி சூரியன்கிட்ட போயிடறதால மேகம் இல்லன்னாலும் பாக்க முடியாது. அதனால இந்த மூணு வாரத்துக்குள்ள ஒரு ஓட்டை கிடைச்சாலும் முதல்ல குழாயை சனி பக்கம் திருப்புங்க தம்பி.

---

மடிப்பாக்கம்_மாடி
4 ஜனவரி 2025, இரவு 9:40

அப்டேட். குழாயை மாடிப்படி ரூம்லயே நிரந்தரமா வெச்சிட்டேன், தூக்கி வெளிய வெக்க ரெண்டு நிமிஷம், கண்ணாடியும் வெளி சூட்டுலயே இருக்கறதால ஆற விட தேவையில்ல. இன்னைக்கு 25 நிமிஷம் கிடைச்சுது. சனி பாத்தேன், நிஜமாவே கம்பி குத்தின நாவல்பழம் மாதிரி இருந்துது. டைரில இப்ப "தெளிவு" கணக்கையே விட்டுட்டு நிமிஷக் கணக்கு எழுதறேன், டிசம்பர் 16-லேர்ந்து 212 நிமிஷம்.

---

மடிப்பாக்கம்_மாடி
13 ஜனவரி, காலை 6:15

இன்னைக்கு போகி. மேகம் இல்ல, ஒரு துளி மேகம் இல்ல! ஆனா தெரு முழுக்க பழைய பாயும் டயரும் எரிச்சு எதிர் வீடே தெரியல. பௌர்ணமி வேற. நான் யார்கிட்ட போய் சொல்ல.

---

உப்பளம்
13 ஜனவரி, காலை 8:00

கண்ணாடிய மூடி வைங்க, சாம்பல் படியும். பொங்கல் வாழ்த்துகள்.

---

மடிப்பாக்கம்_மாடி
19 ஜனவரி, இரவு 10:35

நேத்து நடந்தது சொல்லணும். சாயங்காலம் மேக்கால வெள்ளியும் சனியும் பக்கத்துல பக்கத்துல நிக்கும்னு ஏறினேன், அங்க ஒரே மூட்டம். தலைக்கு மேல மட்டும் ஒரு ஓட்டை, ரோகிணி பக்கத்துல வியாழன். டக்குனு திருப்பி வெச்சேன். அந்த நேரம் தூறல் போடும் போலன்னு கீழ் வீட்டு அக்கா கொடில காயற துணி எடுக்க மாடிக்கு வந்தாங்க. மூணு மாசமா என்னை ஒரு மாதிரி பாத்துட்டு போவாங்க, "என்ன தம்பி அந்த பீரங்கில தெரியுது"ன்னு நேத்துதான் கேட்டாங்க. பாருங்கன்னேன். குனிஞ்சு கண்ண வெச்சவங்க ஒரு நிமிஷம் பேசவே இல்ல. அப்பறம் "பக்கத்துல வரிசையா நாலு புள்ளி இருக்கே, அது என்ன"ன்னாங்க. அதோட நிலாக்கான்னேன். "நாலா!"ன்னுட்டு கண்ண எடுக்கவே இல்ல, அது நகர நகர குழாயை எப்படி தள்றதுன்னு சொல்லி குடுத்தேன், அவங்களே தள்ளி தள்ளி பாத்தாங்க. ஏழு நிமிஷம் இருக்கும். ஓட்டை மூடிச்சு, சடசடன்னு தூறல். அவங்க அடிப்பக்கத்த புடிக்க நான் குழாயை தூக்க, ரெண்டு பேருமா மாடிப்படி ரூமுக்குள்ள ஓடினோம்.

---

ஆறாமீன்
19 ஜனவரி, இரவு 10:50

நல்லது தம்பி. கண்ணாடி நனைஞ்சுதா?

---

மடிப்பாக்கம்_மாடி
19 ஜனவரி, இரவு 10:52

இல்லண்ணே. அக்காவோட துணிதான் மொத்தமா நனைஞ்சு போச்சு.